யூடியூபில் பார்க்கிறார்கள், டியூட் வாங்குவது குறைவு: சேல்ஸ் ஃபனல் நமக்குச் சரிவருமா?

கணக்கு டீச்சர், தலவாக்கலை

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண தரக் கணிதத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் யூடியூப் சேனல் ஒன்று நடத்துகிறேன். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தரம் 10, 11 படிக்கும் பிள்ளைகள், அவர்களில் பலர் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள். கணித ஆசிரியர் இல்லாமலே ஒரு தவணை முழுவதும் ஓடிப்போகிற பாடசாலைகள் நம் பக்கம் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் இதை ஆரம்பித்தேன். ஒரு வீடியோவுக்கு மூவாயிரம், நாலாயிரம் பார்வை வருகிறது. "மிஸ், இப்பதான் விளங்குது" என்று கொமென்ட் போடுகிறார்கள்.

வீடியோவோடு ஒவ்வொரு அலகுக்கும் டியூட், அதாவது விளக்கமும் பயிற்சிக் கணக்கும் சேர்ந்த தாள்கள், தயாரித்து பிடிஎஃப் ஆக விற்கிறேன். ஒரு அலகு 400 ரூபாய், தரம் 11 முழுப் பாடமும் சேர்ந்த தொகுப்பு 3,500 ரூபாய். வீடியோவுக்குக் கீழே வாட்ஸ்அப் நம்பர் இருக்கிறது. தினமும் யாராவது எழுதுகிறார்கள், "டியூட் என்ன விலை மிஸ்?" என்று கேட்கிறார்கள், விலையையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அனுப்புகிறேன், நீல டிக் விழுகிறது, அவ்வளவுதான். நூறு பேர் கேட்டால் ஐந்து பேர் காசு கட்டி ஸ்லிப் அனுப்பினால் பெரிய விஷயம்.

சேல்ஸ் ஃபனல் போட்டால் வருமானம் கூடும் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்காகச் சொன்னவை: லேண்டிங் பேஜ், ஈமெயில் லிஸ்ட், மாதாமாதம் டொலரில் கட்டணம் கட்டுகிற சொஃப்ட்வெயர். நம் பெற்றோர் யார் ஈமெயில் பார்க்கிறார்கள்? இதை நம் ஊருக்கு ஏற்றமாதிரி எப்படிச் செய்வது? இலவசமாக ஒன்று கொடுக்கச் சொல்கிறார்கள், வீடியோவே இலவசம்தானே, இன்னும் கொடுத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பயமாக இருக்கிறது. அப்புறம் ஒருவர் வாங்கிய பிடிஎஃப் அடுத்த நாளே வகுப்புக் குரூப்பில் ஓடுகிறது, அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள். இந்த வருமானம் வந்தால்தான் சேனலைத் தொடர்ந்து நடத்த முடியும்.

ஹட்டன்காரன், இப்போது கொழும்பில்

டீச்சர், எனக்குச் சொந்த ஊர் ஹட்டன், கொழும்பில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பனியில் இதே வேலைதான் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் சொஃப்ட்வெயரை விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்களை முதலில் பார்த்ததில் இருந்து காசு கொடுத்து வாங்குகிற வரைக்கும் வருகிற வழிக்குத்தான் ஃபனல் என்று பெயர். ஒவ்வொரு படியிலும் கொஞ்சப் பேர் கழன்றுகொள்வார்கள், எந்தப் படியில் அதிகம் கழல்கிறார்கள் என்று பார்த்து அதைச் சரிசெய்வதுதான் முழு வேலையும். கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நாலு படி எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பெயரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்தே பேசப்பட்டு வருகிறது. கிளிக்ஃபனல்ஸ் என்ற ஃபனல் சொஃப்ட்வெயர் வந்தது 2014இல்தான். கருவி இல்லாமலும் வழி இருந்திருக்கிறது.

உங்களிடம் கவனமும் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. ஆள் வந்துவிட்டார், விலையையும் கேட்டுவிட்டார், அதற்குப் பிறகுதான் ஓட்டை. இந்த இடத்தில் பெரும்பாலானோர் என்ன செய்வார்கள் என்றால் இன்னும் வீடியோ போடுவார்கள், ஃபேஸ்புக்கில் காசு கட்டி பூஸ்ட் பண்ணுவார்கள். நீங்கள் கணக்கு டீச்சர், கணக்காகவே பாருங்கள். 4,000 பார்வை, 100 பேர் எழுதுகிறார்கள், 5 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் வாங்க வேண்டும் என்று மேலே இருந்து முயற்சி செய்தால் 8,000 பார்வை வேண்டும். கீழே இருந்து வந்தால், ஏற்கனவே உங்கள் போனில் இருக்கிற மீதி 95 பேரில் இன்னும் 5 பேர் போதும். அதனால் ஃபனலைக் கீழே இருந்து மேலே சரிசெய்துகொண்டு வாருங்கள். நம் பக்கத்து வியாபாரத்துக்கு இந்த ஒழுங்குதான் சரி என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

கீழ்ப்படி, அதாவது விலை கேட்ட நிமிடம். "400 ரூபாய், கணக்கு இலக்கம் இது" என்று மட்டும் அனுப்பினால் அந்த 400க்கு என்ன கிடைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. "கூட்டுவட்டி டியூட் 400 ரூபாய், இத்தனை பக்கம், இத்தனை கணக்கு, எல்லாவற்றுக்கும் படிப்படியாக விடை இருக்கிறது" என்று எழுதி, உள்ளே இருந்து இரண்டு பக்கத்தைப் படமாகப் போட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை எந்தத் தரம், எந்த அலகு கஷ்டமாக இருக்கிறது?" கேள்வி கேட்டால் பதில் வரும், வெறும் கணக்கு இலக்கத்துக்கு யார் பதில் எழுதுவார்? பதில் வந்த பிறகு வங்கி விபரம் கொடுங்கள். கணக்கு இலக்கத்தை மட்டும் தனி மெசேஜாக அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அழுத்திப் பிடித்து கொப்பி பண்ணினால் முழு மெசேஜும் வந்துவிடும், அதை பேங்க் அப்பில் ஒட்ட முடியாமல் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இலவசமாக என்ன கொடுப்பது என்று கேட்டீர்கள். டியூட்டில் பாதியை இலவசமாகக் கொடுக்காதீர்கள், பாதிப் பாடம் யாருக்கும் பிரயோசனம் இல்லை. சின்னதாக இருந்தாலும் தன்னளவில் முழுமையான ஒன்றைக் கொடுங்கள். சாதாரண தரக் கணிதம் முதலாம் வினாத்தாளின் A பகுதியில் 25 குறுவினா வரும் அல்லவா, அதே அமைப்பில் நீங்களே 25 கேள்வி தயாரித்து கூகுள் ஃபோர்மில் குவிஸாகப் போடுங்கள். புள்ளியை அது தானாகவே போட்டுவிடும், பிழையாக விடை போட்ட கேள்விக்குக் கீழே விளக்கமும் லிங்க்கும் காட்டுகிற வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் எந்த அலகு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு வட்டத் தேற்றமும் தாயமும் பிழைக்கிறது என்றால் அந்த இரண்டு அலகின் வீடியோவை இலவசமாகக் காட்டி, அந்த இரண்டு டியூட்டை மட்டும் விலைக்குச் சொல்லுங்கள். எங்கே பலவீனம் என்று பிள்ளைக்கும் தெரிகிறது, தாய்க்கும் தெரிகிறது, அது மட்டுமே அவர்களுக்குப் பெரிய உதவி. வாங்காதவர்களுக்கும் நல்லது செய்திருக்கிறீர்கள்.

அப்புறம் விலைப் படி. 400இல் இருந்து 3,500க்கு ஒரேயடியாகத் தாண்டச் சொல்வது கஷ்டம். ஒரு அலகு வாங்கியவர் பின்னால் முழுத் தொகுப்பு வாங்கினால் அந்த 400ஐக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். இரண்டு அலகு வாங்கினவருக்கு 800 கழியும், மீதி 2,700. ஏற்கனவே கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தெரிந்தால் மேலே ஏறுவார்கள்.

ஈமெயில் வேண்டாம், நம் பெற்றோருக்கு வாட்ஸ்அப்தான் தபால்பெட்டி. சாதாரண வாட்ஸ்அப்பை விட்டு வாட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாறுங்கள், அதுவும் இலவசம்தான். லேபிள் போடலாம்: விலை கேட்டவர், குவிஸ் செய்தவர், ஒரு அலகு வாங்கியவர், முழுவதும் வாங்கியவர். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிரோட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் பண்ணியவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும், எனவே குவிஸ் லிங்க் அனுப்பும்போதே "நம்பரை சேவ் பண்ணுங்கள், விடை விளக்கம் வரும்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல் யாரையும் லிஸ்டில் போட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைகளுடைய நம்பர் என்றால் நமக்கே ஒரு பொறுப்பு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் நம்பரை வெறுமனே எழுதாமல் வாட்ஸ்அப் லிங்க் போடுங்கள். அழுத்தியதும் "கூட்டுவட்டி வீடியோ பார்த்தேன்" என்று மெசேஜ் தானாக எழுதப்பட்டிருக்கும்படி அந்த லிங்க்கை அமைக்கலாம். வீடியோவுக்கு வீடியோ அந்த வாசகத்தை மாற்றினால் எந்த வீடியோ ஆள் கொண்டுவருகிறது என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

மகன் தரம் 11, கொட்டகலை

டீச்சர், நான் விற்கிற ஆள் இல்லை, வாங்குகிற அம்மா. மேலே தம்பி சொன்னது எல்லாம் நல்லதுதான், ஆனால் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் போன் ஒன்று. பகலில் விலை கேட்டு மெசேஜ் போடுவது மகன். நான் வேலை முடிந்து வந்து, சமைத்து, எல்லாம் ஆன பிறகு இரவு ஒன்பது மணிக்குத்தான் போனைப் பார்ப்பேன். அதில் ஒரு விலையும் ஒரு கணக்கு இலக்கமும் இருந்தால் இது எதற்கு, யாருக்கு என்று எனக்கு எப்படி விளங்கும்? மகன் தூங்கியிருப்பான். அடுத்த நாள் மறந்துபோகும். உங்களுக்கு நீல டிக் மட்டும் தெரியும்.

என்னிடம் பேங்க் அப் கிடையாது. காசு போட வேண்டும் என்றால் டவுனுக்குப் போய் சிடிஎம் மெஷினில் போட வேண்டும், 400 ரூபாய் போட பஸ் காசும் அரை நாளும் போகும். அதனால் மகனின் அப்பாவுக்குத்தான் அனுப்புவேன், அவர் கொழும்பில் கடையில் வேலை, அவருடைய போனில் அப் இருக்கிறது. நான் உங்கள் மெசேஜை அவருக்கு ஃபோர்வர்ட் பண்ணுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கணக்கு இலக்கம் தனியாகப் போனால் "இது யாருக்கு?" என்று கேட்டு அவர் விட்டுவிடுவார். தம்பி சொன்ன மாதிரி தனியாக ஒன்று அனுப்புங்கள், ஆனால் அதற்கு முன்னால் எல்லாம் சேர்ந்த மெசேஜ் ஒன்றும் வேண்டும்: டீச்சர் யார், என்ன டியூட், எந்தத் தரம், எவ்வளவு, யார் பெயரில் கணக்கு, எந்த வங்கி, எந்தக் கிளை. அதை எடுத்து அப்படியே யாருக்கும் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். காசு கட்டுகிறவர் உங்கள் வீடியோவைப் பார்த்தே இருக்க மாட்டார் டீச்சர், அவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒரு நிமிடத்தில் நீங்களே பேசிய வொய்ஸ் மெசேஜ் ஒன்று கூட வந்தால் நம்பிக்கை வரும்.

இன்னொன்று, தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதிப் பக்கம். மாதக் கடைசியில் நீங்கள் எவ்வளவு நல்ல ஓஃபர் போட்டாலும் கையில் காசு இருக்காது. 10இல் இருந்து 15க்குள் சொல்லுங்கள்.

பிடிஎஃப் வந்த பிறகும் வேலை இருக்கிறது. பிள்ளைகள் போனில் கணக்குப் படிக்க மாட்டார்கள், கொமியுனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். போன தடவை வேறு ஒருவரிடம் வாங்கிய டியூட்டில் பக்கம் முழுக்க நீலமும் சிவப்புமாகப் பெட்டி, கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எழுத்தே தெரியவில்லை, கலரில் எடுக்க டியூட் விலையை விடக் கூட வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, ஏ4 அளவில், கணக்குச் செய்து பார்க்க இடம் விட்டுச் செய்யுங்கள். அப்படி இருந்தால் நான் அடுத்த அலகையும் வாங்குவேன்.

பயமுறுத்தி மட்டும் விற்காதீர்கள். "இதை வாங்காவிட்டால் பிள்ளை பெயிலாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார், அன்றோடு அந்த நம்பரை அழித்துவிட்டேன். கூலிக்காசில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவளிடம் அப்படிப் பேசக்கூடாது.

பிளவுஸ் கட்டிங், பதுளை

டீச்சர் அக்கா, நான் பிளவுஸ் அளவு அட்டவணையும் வெட்டு மாதிரியும் பிடிஎஃப் ஆக விற்கிறேன், ஆட்கள் எல்லாம் டிக்டொக்கில் இருந்து வருகிறார்கள். துறை வேறு, ஆனால் இரண்டு விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.

வாங்கி முடித்த அந்த நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்லிப் அனுப்பியவர் ஏற்கனவே நம்பிவிட்டார், அவரிடம் இன்னொன்றைச் சொல்வது புதிதாக ஒருவரைத் தேடுவதை விட எவ்வளவோ சுலபம். நான் வெட்டு மாதிரியோடு "கழுத்து டிசைன் 12, கூட 250 ரூபாய், வேண்டுமா?" என்று ஒரே ஒரு வரி கேட்பேன், கணிசமான பேர் சரி என்கிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கலாம்: அதே அலகில் இன்னும் கொஞ்சம் பயிற்சிக் கணக்கு, அல்லது பிள்ளை செய்து அனுப்பிய விடைத்தாளை நீங்கள் திருத்திக் கொடுப்பது. 100 பேர் 400 ரூபாய்க்கு வாங்கினால் 40,000. அதில் 30 பேர் மேலதிகமாக 200 ரூபாய்க்கு ஒன்று எடுத்தால் 46,000. ஒரு புது ஆள்கூட வர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் கேளுங்கள், ஐந்து கேட்டால் முதலில் வாங்கியதே ஏன் என்று ஆகிவிடும்.

பிடிஎஃப் குரூப்பில் ஓடுவது பற்றி. முழுதாக நிறுத்த முடியாது, அதற்காகப் பூட்டுப் போட்ட ஃபைல் அனுப்பினால் காசு கொடுத்தவர்தான் திறக்க முடியாமல் கஷ்டப்படுவார். நான் செய்வது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவர் பெயரும் போன் நம்பரின் கடைசி நாலு இலக்கமும் மெல்லிய எழுத்தில் வரும்படி போட்டு அனுப்புவது. பெயர் இருந்தால் பகிரக் கூச்சப்படுவார்கள். அதோடு முதல் பக்கத்திலேயே உங்கள் குவிஸ் லிங்க்கையும் நம்பரையும் போடுங்கள். ஓடுகிற பிரதி ஓடட்டும், அது போய்ச் சேர்கிற பிள்ளையும் உங்களிடம் வர வழி இருக்கும். அதை விட முக்கியம், ஃபோர்வர்ட் பண்ண முடியாத ஒன்றை உங்கள் விலை கூடிய படியில் வையுங்கள். திருத்திக் கொடுத்த விடைத்தாளை யாரும் இன்னொருவருக்கு விற்க முடியாது.

ஊவா நடைபாதை, பண்டாரவளை

வேறு பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதை வாசிக்கிற எல்லோரும் உள்ளூரில் விற்பவர்கள் இல்லை. நான் வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு ஆங்கிலத்தில் வழிகாட்டி பிடிஎஃப் விற்கிறேன். பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரைக்கும் 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல், அதில் ஊவாப் பக்கத்துக் கட்டங்களுக்கு எங்கே தண்ணீர், எங்கே தேத்தண்ணிக் கடை, எந்தத் தோட்டத்துக்குள் எந்தப் பாதை என்று எழுதுகிறேன். ஒரு கட்டத்தை முழுமையாக இலவசமாகக் கொடுத்து, அதற்கு ஈமெயில் வாங்குகிறேன். வெள்ளைக்காரர்கள் ஈமெயில் வாசிக்கிறார்கள், பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே திட்டமிடுகிறார்கள், அதனால் மேலே ஹட்டன் தம்பி வேண்டாம் என்ற ஈமெயில்தான் எனக்கு உயிர். யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஃபனலின் நடுப்படி.

ஆனால் கீழ்ப்படி எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பேபாலில் இங்கிருந்து காசு கொடுக்க முடிந்தது, வாங்க முடியாது என்று பல வருடம் ஓடியது, கார்டில் காசு வாங்கித்தரும் ஸ்ட்ரைப்பில் இலங்கைக்காரர் நேரடியாகக் கணக்குத் திறக்க முடியாது. எனவே டொலரில் விற்க நினைப்பவர்கள் டிசைனைத் தொடங்குவதற்கு முன்னால், வந்த காசு உங்கள் இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியில் வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுக் காசை வாங்கித்தரும் பேயோனியர் இங்கே வேலை செய்கிறது, நீங்கள் விற்கிற தளம் அதற்குக் காசு அனுப்புமா என்று பாருங்கள். பிடிஎஃப் விற்க உதவும் கம்ரோட் மாதிரித் தளம் 10 வீதமும் அதோடு ஒரு விற்பனைக்கு அரை டொலரும் எடுக்கிறது. 5 டொலர் பொருளில் அந்தக் கட்டணமே 1 டொலர், அதாவது ஐந்தில் ஒன்று. 15 டொலரில் 2 டொலர்தான். சின்னச் சின்னதாக மூன்று விற்பதை விட மூன்றையும் சேர்த்து ஒன்றாக விற்பது நல்லது என்று அதிலேயே தெரிகிறது. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டில் இருந்து வரும் சேவை வருமானத்துக்கும் வரி இருக்கிறது, கூடியது 15 வீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விடுப்பு உண்டு. கணக்கு எழுதி வையுங்கள்.

டீச்சருக்கு இதெல்லாம் தேவையில்லை. உங்களுக்கு வங்கிக்கு வங்கி உடனே போகும் ட்ரான்ஸ்ஃபரும் லங்கா கியூஆரும் போதும். மத்திய கிழக்கில் இருக்கிற தாய் தகப்பன் கார்டில் கட்டக் கேட்டால் மட்டும் பேஹியர் மாதிரி, கார்டில் காசு வாங்கித்தரும் உள்ளூர் கேட்வே ஒன்றைப் பாருங்கள்.

கணக்கு டீச்சர், தலவாக்கலை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டகலை அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். காசு கட்டுகிறவர் என் வீடியோவைப் பார்த்தே இருக்க மாட்டார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டியூட்டின் கலர்ப் பெட்டிகளை எல்லாம் இன்றே எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஃபோர்வர்ட் பண்ணுகிற மெசேஜையும் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "வணக்கம். நான் தலவாக்கலையில் இருந்து யூடியூபில் சாதாரண தரக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. உங்கள் பிள்ளை 25 கேள்விப் பயிற்சி செய்து 14 சரியாகப் போட்டிருக்கிறார். வட்டத் தேற்றங்களில் கேட்ட மூன்று கேள்வியும் பிழைத்திருக்கின்றன. அந்த அலகுக்கு டியூட் இருக்கிறது, 400 ரூபாய், கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுக்கலாம். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, அந்த அலகின் வீடியோ இலவசமாக இதில் இருக்கிறது." அதற்குக் கீழே வங்கி, கிளை, பெயர், கணக்கு இலக்கம்.

இன்னும் இரண்டு கேள்வி. பதில் சொல்லாதவர்களுக்குத் திரும்ப எத்தனை தடவை எழுதலாம்? எனக்கு அது பிச்சை கேட்பது மாதிரிக் கூச்சமாக இருக்கிறது. அடுத்தது, வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? பிடிஎஃப் போனது போனதுதானே.

ஹட்டன்காரன், இப்போது கொழும்பில்

மெசேஜ் அருமை டீச்சர், பிள்ளையின் புள்ளியை முதலில் சொன்னது மிக நல்லது. ஒரே ஒரு திருத்தம்: "14 சரி" என்பதற்குப் பக்கத்தில் பிள்ளை நன்றாகச் செய்த அலகின் பெயரையும் போடுங்கள். பிழைத்ததை மட்டும் சொன்னால் வீட்டில் பிள்ளைக்கு ஏச்சு விழும், அப்புறம் அந்தப் பிள்ளை உங்கள் குவிஸ் பக்கமே வராது.

திரும்ப எழுதுவது பற்றி. விலை கேட்டவரிடம் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், ஆனால் மூன்று தடவை கட்டாயம் எழுதுங்கள். கூச்சம் எங்கே வருகிறது என்றால் ஒவ்வொரு தடவையும் "வாங்குகிறீர்களா?" என்றே கேட்பதால்தான். முதல் தடவை, இரண்டு நாளில், அந்த அலகில் இருந்து ஒரு கணக்கை நீங்கள் கையால் செய்து காட்டிய படம் ஒன்றை அனுப்புங்கள், விற்பனைப் பேச்சே வேண்டாம். இரண்டாவது, ஏற்கனவே வாங்கிய ஒரு பெற்றோர் சொன்னதை அவர்களிடம் அனுமதி கேட்டு, பெயர் இல்லாமல் அனுப்புங்கள். மூன்றாவது, அந்த அம்மா சொன்ன மாதிரி 10ஆம் திகதிக்குப் பிறகு, டியூட்டும் விலையும் கணக்கும் சேர்ந்த முழு மெசேஜ், கடைசியில் "வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், இனி அனுப்ப மாட்டேன்". சொன்னால் சொன்னபடி நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறீர்கள், இதில் பிச்சை எங்கே இருக்கிறது?

பொய்யான அவசரம் மட்டும் வேண்டவே வேண்டாம். இன்னும் மூன்று பிரதிதான் இருக்கிறது என்று பிடிஎஃப்புக்குச் சொன்னால் பிள்ளைகளுக்கே தெரியும் அது பொய் என்று. உண்மையான அவசரம் உங்களிடம் இருக்கிறது, தவணைப் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் திகதி உண்டு. விடைத்தாள் திருத்தித் தருவதற்கு ஒரு வாரத்தில் உங்களால் இத்தனை பேருக்குத்தான் முடியும் என்றால் அதுவும் உண்மைதான், அதைச் சொல்லுங்கள்.

காசு திருப்பிக் கொடுப்பது: கொடுத்துவிடுங்கள். வாங்கி ஒரு வாரத்துக்குள் கேட்டால் காரணம் கேட்டுக்கொண்டு 400ஐ அனுப்பிவிடலாம் என்று முன்கூட்டியே அந்த மெசேஜிலேயே எழுதுங்கள். முகம் தெரியாத ஒருவருக்கு ஸ்லிப் போடத் தயங்குகிற அப்பாவுக்கு அந்த ஒரு வரி பெரிய தைரியம். கேட்கிறவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். அவர்கள் சொல்கிற காரணத்தைக் குறித்து வையுங்கள், "மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு விளங்கவில்லை" என்று இரண்டு பேர் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும், அது எந்த மார்க்கெட்டிங்காலும் சரியாகாது.

ஒரு கொப்பியில் நாலு கட்டம் போடுங்கள்: எழுதியவர், குவிஸ் முடித்தவர், விலை கேட்டவர், ஸ்லிப் அனுப்பியவர். மாதம் ஒரு வரி. ஒரு மாதத்தில் ஒரு படியை மட்டும் மாற்றுங்கள், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் மாதம் குவிஸைக்கூடத் தொட வேண்டாம். உங்கள் போனில் ஏற்கனவே விலை கேட்டுவிட்டுப் போனவர்களை எடுத்து, அன்றைக்கு அவர்கள் எந்த அலகைக் கேட்டார்களோ அந்த அலகின் பெயரைச் சொல்லி எழுதத் தொடங்குங்கள்.